கோட்டுக்குள் இன்னொருவர்

"குறுக்க வராத பிரியா, கையில பட்டுறப் போவுது."

ரகுநாத் கூடத்திலிருந்து சொன்னபோது மோகனப்ரியா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணை முழுக்க மூடிய வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் கணவன் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை.

"நான் இங்கிட்டு வரவே இல்லீங்க."

"வந்தியே. கோட்டுக்குள்ள நின்னியே."

விளையாடும் முன் தரையில் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்செட் மாட்டியவருக்கு மட்டுமே தெரியும் கோடு. உள்ளே ஆள் நுழைந்தால், இடித்துக்கொள்ளாமலிருக்க, விளையாட்டுக்கு நடுவே அந்த உருவம் வெளிறிய நிழலாகத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து அரிமளத்துக்கு லீவில் வந்த நண்பன் ஆத்மநாதன், பிடித்திருந்தால் வைத்துக்கொள் என்று இதைக் கொடுத்திருந்தான். இந்தச் சின்னக் கூடத்துக்கு இது தண்டம், ரெண்டே மாதத்தில் பீரோ மேல் தூசி பிடித்துக் கிடக்கும் என்பது அவள் கட்சி. உட்கார்ந்த இடத்தில் உலகத்தையே பார்க்கலாம் என்பது அவன் கட்சி.

அந்தச் சண்டை இப்போது அவளுக்கு நினைவில்லை. அவன் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க இந்த வாடகை வீட்டில் அவள் மட்டும்தான். சில நேரம் குளித்துவிட்டு வரும்போது, கூடத்தில் யாரோ சட்டென்று பேச்சை நிறுத்தியதுபோல ஓர் அமைதி இருக்கும்.

"குடுங்க. நான் பாக்குறேன்."

"மெசின் கோளாறா இருக்கும், விடு."

"நீங்க சோபாவுல உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது."

மாட்டிக்கொண்டாள். வெளியே மழையில் நனைந்த தைலமரக் காட்டின் வாசமும், ஹெட்செட்டின் பஞ்சில் ஊறிய அவன் வியர்வையும், தன் கையின் மீன் கவிச்சியும் மூக்கில் அப்படியே நிற்க, கண்ணுக்கு முன்னால் மட்டும் வெண்மணலும் நீலக் கடலும் விரிந்தன. குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் இல்லை. அலைச் சத்தத்துக்கு அடியில் மின்விசிறி முனகியது.

நிமிர்ந்தாள். எதிரே மணலில் வெளிறிய நிழலாக ஓர் உருவம் நின்றது.

முதுகைக் காட்டியபடி, கூன் போட்டு. கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

ஹெட்செட்டைத் தூக்கினாள். வெறும் கூடம். சோபாவில் ரகுநாத்.

இறக்கினாள். அது திரும்பியிருந்தது.

தூக்கினாள். யாருமில்லை. இறக்கினாள். கடல் மட்டும். இடமும் வலமும் தேடினாள். மணல்.

"போயிருச்சுங்க" என்றாள்.

கழற்றுவதற்காகக் கைகளைப் பின்மண்டைக்குக் கொண்டுபோனாள். பட்டையை இறுக்கும் திருகு அங்கே இருந்தது. அதன்மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

"விடுங்க. நானே கழட்டிக்கிறேன்."

"என்னத்த விட?" ரகுநாத்தின் குரல் எதிரே, சோபாவிலிருந்து வந்தது. "நான் எந்திரிக்கவே இல்லையே."

திருகு நகர்ந்தது. டிக்.

அலறினாள். அவன் ஓடிவரும் சத்தம். தடவி, அவன் சட்டையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"பிரியா, கைய எடு! ஏன் இறுக்குற?"

"என் கை இங்க இருக்குங்க..."

திருகைத் தேடிய அவன் விரல்கள் சட்டென்று நின்றன. சட்டை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டது.

வெண்மணலில் ரகுநாத் வெளிறிய நிழலாகத் தெரிந்தான். அவன் முகம் அவளுக்கு நேராக இல்லை. அவள் தலைக்கு மேலே நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, கோட்டைத் தாண்டி மறைந்துபோனான்.

டிக்.