மூன்றாவது அழைப்பு

இரண்டு தட்டு. பிறகு அமைதி.

ஹர்சீஸ் குங்கிலியச் சட்டியைக் கீழே வைத்தான். பாலை மணலுக்கு அடியில், பகல் வெயிலும் எட்டாத சுரங்கத்தில், அரிவாள்மூக்கன் பறவைகளின் உடல்களை அடக்கிய ஜாடிகள் சுவர் நெடுக இருந்தன. பழைய இறகு வாடைக்கு நடுவே, அலகால் கொத்துவதுபோல மறுபடியும் இரண்டு தட்டு.

"கேக்குதா தெயோஸ்?"

"எலிடா. நீ கட்டுற லட்சணத்துக்கு அதுதான் குடிவரும்!" கூட்டாளி சிரித்தபடி படியேறிப் போனான்.

எலியில்லை. தட்டியது தாமிஸ் என்ற பெண்ணின் ஜாடி.

கிரேக்கர் ஹெர்மீஸ் என்றும் ஊரார் தோத் என்றும் கும்பிடும் அந்த ஞானிக்கு 'மும்முறை பெரியவர்' என்று பட்டம். துணி சுற்றிக் கட்டிய இறந்த பறவையின் காதில் வேண்டுதலைச் சொன்னால் அது அவரிடம் சேர்க்கும். வேண்டுபவர் "பெரியவரே" என்று இருமுறை அழைக்க வேண்டும். ஜாடியை மூடுகிறவன் மூன்றாவது முறை அழைத்தால்தான் பறவை புறப்படும்.

திருவிழாவன்று தாமிஸ் வந்தபோது பறவைகள் தீர்ந்திருந்தன. 'நாளைக்கு வாங்க அக்கா' என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் அலுப்பில், எப்போதும் செய்வதுபோல, நாணலையும் ஆற்றுச் சேற்றையும் துணியில் சுற்றி, அலகு வைத்துக் கொடுத்துவிட்டான்.

"என் பொண்ணுக்கு மூச்சு விட முடியல, சாமி. பெரியவரே... பெரியவரே..." அந்தச் சேற்றின் காதில் அவள் அழுதாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டியா தம்பி? முகமே வாடிக் கெடக்கு." மகளுக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள்.

அவனும் தின்றான். ஆனால் மூன்றாவது முறை அழைக்கவில்லை. பொய்ப் பறவைகளுக்கு அவன் ஒருநாளும் அழைத்ததில்லை. வாய் திறக்காமல் ஜாடியை மூடினான்.

இன்று நிஜப் பறவை ஒன்றைக் கட்டி எடுத்து வந்திருந்தான். மாற்றி வைத்துவிட வேண்டும். அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும்.

களிமண் மூடியை உடைத்தான். துணி ஈரமாக இருந்தது. கைபட்டதும் மேலெழுந்து, தாழ்ந்தது. உள்ளே ஒரு மூச்சு. மெல்லிய, இழுத்து இழுத்து வாங்குகிற, ஒரு குழந்தையின் மூச்சு.

துணியை விலக்கினான்.

நாணல் அலகு திறந்தது. சேற்றுக்குள்ளிருந்து தாமிஸின் குரல்.

"பெரியவரே... பெரியவரே..."

காத்திருந்தது.

மூச்சு தேய்ந்துகொண்டே வந்தது. இப்போதாவது சொல்லிவிடு. ஹர்சீஸ் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. ரொட்டியின் ருசியோடு, நாக்கிலிருந்து ஆற்றுச் சேறு வழிந்தது. அள்ளி எறிந்தான். மறுபடி நிறைந்தது.

அலகு மூடிக்கொண்டது. மூச்சு நின்றது.

சுரங்கத்தின் இருட்டில், அவன் வாய் திறக்காமல் மூடிய ஜாடி ஒன்று தட்டியது. இரண்டு தட்டு. அடுத்து இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் இரண்டிரண்டாகத் தட்டிவிட்டு, அவனுக்காகக் காத்திருந்தன.