எழுபது சதவீதம் ஆல்ஃபா

மழையோடு மழையாக உள்ளே ஓடிவந்தவன், கதவோரம் நின்றவளின் குடைமேல் மோதினான். அவன் கையிலிருந்த டப்பா உருண்டு அவள் காலடியில் போய் நின்றது.

"பாத்து மேடம்! அதுல எங்க கம்பெனியோட எதிர்காலமே இருக்கு!"

"எதிர்காலத்துக்கு மூடி லூசா இருக்கே சார்..."

நிமிர்ந்தான். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... வந்த காரியம் ஒரு நொடி மறந்தே போனது.

அவன் நவீன்குமார். ஆம்பூரில் சிலிக்கான் நைட்ரைடு என்னும் செராமிக் தூள் செய்யும் புது ஆலையின் உலைப் பொறியாளன். அவள் ஜாஸ்மின். வேலூர்க் கல்லூரி ஒன்றின் எக்ஸ்ரே கூடத்தில், தூளின் படிக வடிவத்தைச் சோதித்துக் கையெழுத்திடுபவள். ஆலை முதலாளி சுப்பராயன் நேற்றுவரை தோல் மண்டிக்காரர். உலை சூடேறும் முன்பே 'செராமிக் செம்மல்' என்று பள்ளிகொண்டா வரை பேனர் கட்டிவிட்டார். இன்று மூன்று மணிக்கு ஆம்பூர் மேடையில், தூளை வாங்குபவர்களோடு ஒப்பந்தம். தூளில் ஆல்ஃபா வடிவம் தொண்ணூறு சதவீதமாவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நவீனுக்கு வேலை இல்லை.

இரண்டரைக்குத் திரையில் கோடுகள் எழுந்தன. கூடவே ஜாஸ்மினின் புருவமும்.

"ஆல்ஃபா எழுபது. மீதி முப்பது பீட்டா."

"உங்க மெஷின்ல தப்பு இருக்கும்."

"ரெண்டு தடவ ஓட்டிட்டேன். சூட்ட அவசரமா ஏத்திருக்கீங்க. அதான் பீட்டாவாயிடுச்சி."

"நான் கோல்டு மெடலிஸ்ட், மேடம்."

"அதையும் கொண்டாந்திருந்தா டெஸ்ட் பண்ணியிருக்கலாம்."

அவன் காது சிவந்தது. கோபமாக முதலாளிக்குச் செய்தி அனுப்பினான். பதில் குரலாகவே வந்தது, அவளுக்கும் கேட்கும்படி.

"தொண்ணூத்தஞ்சுன்னு போடச் சொல்லு தம்பி. மாட்டேன்னா மெஷினு தப்புன்னு எழுதிக் குடு. அந்தக் காலேஜ் கரஸ்பாண்டன்ட் நம்ம தோஸ்த். நாளைக்கே அந்தப் பொண்ணு வேலைல இருக்காது!"

ஜாஸ்மின் ரிப்போர்ட்டை இழுத்து 'எழுபது' என்று எழுதினாள்.

'மெஷின் தப்பு'... அதைத்தானே நானும் சொன்னேன்? அவனுக்குக் கூசியது.

சரியாக மூன்று மணி. போன் அலறியது.

"தம்பி! மைக்குல போட்டிருக்கேன். ஊரே கேக்குது. ஆல்ஃபா எவ்ளோ, சொல்லு!"

அவள் கண்கள் அவன் மேலேயே...

"எழுபது சார்."

யாரோ கைதட்டினார்கள். எழுபது நல்ல மார்க்தானே!

"மெஷின் சரியாதான் இருக்கு சார். ராகுகாலத்துக்கு முன்னாடி உலையத் திறக்கணும்னு சொன்னீங்க. ரெண்டு நாள்ல ஏத்த வேண்டிய சூட்ட ஒரே நாள்ல ஏத்துனது நான். முடியாதுன்னு சொல்லியிருக்கணும்... சொல்லல."

கைதட்டல் நின்றது. மைக் கீச்சிட்டது. "நாளைலருந்து வராத!"

ஜாஸ்மின் மெஷினை அணைத்தாள்.

"வேல போய்டுச்சா?"

"போய்டுச்சி... இன்னொரு உண்மையும் பாக்கியிருக்கு மேடம்."

"எப்போலருந்து?"

"உங்க குடைமேல மோதுனதுலருந்து... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் ரிப்போர்ட்டில் நிதானமாகக் கையெழுத்திட்டாள். குடையை எடுத்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"எனக்கும்... எழுபது சதவீதம்."

"மீதி முப்பது?"

குடை விரிந்தது. அதில் பாதி இடம் அவனுக்காகக் காலியாக இருந்தது.

"மெதுவா ஏத்துங்க."