மேருவில் ஒரு கார்னர் லாட்

கதவைத் திறந்ததும் பால் பொங்கி வழிந்த வாசனை அடித்தது. புது வீட்டில் பெயிண்ட் வாசனை வரலாம், சிமெண்ட் வாசனை வரலாம். அடுப்பே இன்னும் வராத வீட்டில் பால் எப்படிப் பொங்கும்? செருப்பைக் கழற்றிய புஷ்பவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

நாளைக் காலை அவள்தான் இங்கே முதன்முதலாகப் பால் காய்ச்ச வேண்டும். பண்டமாரான் வாடகை பிளாட்டில் பாதி ஆயுசைக் கழித்து, லோரி ஓட்டும் புருஷனும் அவளுமாக மாடாய் உழைத்து, பேங்குக்கு நடையாய் நடந்து வாங்கிய வீடு. மேரு பக்கம், புதுத் தாமான் குடியிருப்பில், வரிசையின் ஓரத்துக் கார்னர் லாட். அண்ணன் தங்கமணி டெவலப்பருக்கு ஏஜெண்டாக இருந்ததால் கிடைத்தது. ஒழுகல், விரிசலெல்லாம் தானே பார்த்துச் சரிசெய்ய வைப்பதாகச் சொல்லி, ஒரு சாவியை அவரே வைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வீட்டைக் கழுவிவிடலாம் என்றுதான் இந்த அந்தி நேரத்தில் வந்திருந்தாள். கரண்ட் இன்னும் கொடுக்கவில்லை. தூரத்துச் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், பாங்கு சொல்லி ஓய்ந்ததும் தாமானே வாயை மூடிக்கொண்டது போலிருக்க, போன் வெளிச்சத்தில் தன் நிழலே சுவரில் ஏறி இறங்க, வெறுங்காலில் சிமெண்ட் தூசி நறநறக்க, வாசனையைப் பிடித்துக்கொண்டே குசினிக்குள் போனாள்.

மூன்று செங்கல். நடுவே சாம்பல். கிழக்குப் பக்கமாக வழிந்து காய்ந்த பால்.

யாரோ முறைப்படி குடிவந்திருந்தார்கள். முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அண்ணி பொறாமையில் செய்த வேலையோ என்றுகூட நினைத்தாள். அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"நீ ஏன் இப்ப அங்க போன?" என்றார் அவர்.

"யாருண்ணே என் வீட்டுல பால் காய்ச்சினது?"

அவர் அழுதுகொண்டே சொன்னார். முன்பு இந்த இடத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் இருந்தது. எல்லாருக்கும் மாற்று வீடு தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். வீடு வரவில்லை. வீரம்மா என்ற ஒருத்தியின் குடும்பம் மட்டும் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் லயம் எரிந்தது. உள்ளே இருந்த யாரும் வெளியே வரவில்லை. அதிலிருந்து செத்தவர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று வீட்டைக் கேட்கிறார்களாம். சொன்ன வீட்டைக் கொடுத்தால்தான் போவார்கள் என்று சாமி பார்க்கிறவர் சொல்லிவிட்டாராம்.

"அதான் அவங்க பேரச் சொல்லி காய்ச்சிட்டேன்லா."

"என் வீட்டையா குடுத்தீங்க?"

"எனக்குப் புள்ளைங்க இருக்கு, புஷ்பா."

"தெரிஞ்சேதான் நாளைக்கு எங்கள இங்க குடிவரச் சொன்னீங்களா?"

அவர் லைனைத் துண்டித்துவிட்டார். பயத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சு வலித்தது. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன். பாவி. தன் வாசலைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்.

மாடியில் ஏதோ இழுபட்டது. பாய் விரிக்கும் சத்தம். ஒரு குழந்தை இருமியது. இன்னொன்று. புகை குடித்த இருமல்.

ஓடினாள். ஹாலில் இருட்டு. கதவுக்கு முன்னால் ஒருத்தி. கையில் குங்குமத் தட்டு.

"வாங்க," என்றாள் வீரம்மா. "வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

படிக்கட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி உட்கார்ந்தார்கள், விருந்தாளியைப் பார்க்க.

வீரம்மா குங்குமத்தைத் தொட்டு, புஷ்பவல்லியின் நெற்றியில் வைத்தாள். சுட்டது. கையை எடுத்தாள். விரலின் தோல் மட்டும் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.