சைக்கிள் தனியாக வராது

என் சைக்கிளை எங்கள் தெருவில் எல்லாரும் எடுத்துப் போகிறார்கள். எனக்குத்தான் கிடைப்பதில்லை.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறேனே என்று அப்பா அருப்புக்கோட்டையில் பழைய சைக்கிள் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தது அது. நீல நிறம். முன்சக்கரத்து மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் 'முனீஸ்வரி' என்று என் பெயர்கூட எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள்!

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். அதனால் வாசலில் ஒரு சைக்கிள் நின்றால் அது யாருடையது என்று யாரும் யோசிப்பதில்லை. வேலை இருப்பவர் எடுத்துப் போவார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிடுவார். கேட்டு எடுத்தால்தான் தப்பு. "என்ன, புதுசாக் கேட்டுக்கிட்டு? நாங்க என்ன அசலூர்க்காரங்களா?" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

விடிந்ததும் முதலில் வருவது சௌந்தரம் அத்தை. அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேரியரில் பால் கேனைக் கட்டி, பால் சொசைட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். அடுத்தது பொன்னுச்சாமி மாமா. ஆடுகளுக்குத் தீனியாக இலைக்குழை ஒடித்துவர கருவேலங்காட்டுக்குள் ஓட்டிப் போவார். திரும்பி வரும்போது டயரில் முள் இருக்கும். முள் இருந்தால் பஞ்சர் இருக்கும்.

மூன்றாவது ஆள் மருதுபாண்டி சித்தப்பா. மெயின்ரோட்டு டீக்கடைக்குப் போக அவருக்குச் சைக்கிள் வேண்டும். சித்தப்பா பனைமரம் மாதிரி இருப்பார். அதனால் சீட்டை உயரத்துக்கு ஏற்றிக்கொள்வார். இறக்கிவைக்க மட்டும் மறந்துவிடுவார்.

நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது காற்று இருந்தால் செயின் இருக்காது. செயின் இருந்தால் சீட்டு எட்டாது.

"அம்மா, இன்னிக்கும் பஞ்சரு!"

"கத்தாதடி. அவுக நம்ம ஆளுக. ஒரு அவசரத்துக்கு எடுக்குறாக."

"தெனமும் அவசரமா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். நான்தான் நடந்து போய், லேட்டாகி, வகுப்புக்கு வெளியே நிற்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டு டீச்சர் கனகலட்சுமி ஒருநாள் வகுப்புக்கு வந்தார்.

"விருதுநகர்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடத்துறாக. நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பொண்ணுதான் போக முடியும். யாரெல்லாம் வாரீக?"

என் கை முதலில் எழுந்தது. சுவாதியின் கையும் எழுந்தது. சுவாதியின் அப்பாவுக்குப் பெரிய பலசரக்குக் கடை இருக்கிறது. அவளிடம் கியர் வைத்த சைக்கிள் இருக்கிறது. அந்தச் சைக்கிள் என்ன விலை என்று நான் ஒருமுறை அப்பாவிடம் சொன்னபோது, அவர் தொழுவத்தில் கட்டியிருந்த ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"கியர் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. சாதா சைக்கிள்தான்" என்றார் டீச்சர்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. மறுநாளே சுவாதி புத்தம்புதுச் சாதா சைக்கிளில் வந்து இறங்கினாள். குஷி போயே போய்விட்டது.

"ரெண்டு வாரம் கழிச்சு உங்க ரெண்டு பேருக்கும் ஓட்டம் வைப்பேன்" என்றார் டீச்சர். "அதுவரைக்கும் தெனமும் ஓட்டிப் பழகுங்க. சைக்கிள் நல்லா இருக்கணும். பிரேக்கு பிடிக்கலைன்னாலோ, டயர் சரியில்லைன்னாலோ ஓட விடமாட்டேன்."

தினமும் ஓட்டுவதா? எதை ஓட்டுவது? என் சைக்கிளை நான் பார்க்கிறதே பெரிய பாடு!

அன்று சாயங்காலம் உண்டியலை உடைத்து ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கினேன். சைக்கிளை வேப்பமரத்து அடியில் நிறுத்தி, பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் 'தடால்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே "ஐயோ, அம்மா!" என்று ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் சித்தப்பா முள்வேலிக்குள் கிடந்தார். அவர் மேல் என் சைக்கிள் கிடந்தது. நடந்தது இதுதான். எங்கள் தெருவில் யாரும் சைக்கிளைப் பூட்டியதே இல்லை. அதனால் சித்தப்பா பூட்டு இருக்குமா என்று பார்க்கவே இல்லை. வழக்கம்போல வேகமாகத் தள்ளிக்கொண்டே தாவி ஏறியிருக்கிறார். சங்கிலி இழுத்துப் பிடித்ததும் சைக்கிள் நின்றுவிட்டது. சித்தப்பா நிற்கவில்லை.

பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் பிய்ந்து வளைந்து தொங்கின. சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

"என் சைக்கிளு!" என்று நான் கத்தினேன்.

"என் முதுகு!" என்று சித்தப்பா கத்தினார்.

தெருவே கூடிவிட்டது. எல்லாரும் என் பக்கம் பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"பூட்டா? நம்ம தெருவுலயா?" என்று சௌந்தரம் அத்தை வாயில் கை வைத்தார். "எங்களைக் களவாணின்னு நெனச்சுட்டியா தாயி?"

"பூட்டுனவ ஒரு வார்த்தை சொல்லிருக்கணும்ல? மனுசன் முதுகெல்லாம் முள்ளு" என்றார் பொன்னுச்சாமி மாமா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சைக்கிள் என்னுடையது. உடைந்ததும் என்னுடையது. திட்டும் எனக்கா? இது எந்த ஊர் நியாயம்? எங்கள் ஊர் நியாயம்தான், வேறென்ன!

அம்மா முணுமுணுத்துக்கொண்டே காசு கொடுத்தாள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு மெயின்ரோட்டில் இருக்கும் தனுஷ்கோடி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் புதுக் கம்பிகள் மாட்டினார். பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கோட்டம் எடுத்தார். முடிய வெகுநேரம் ஆகும் போலிருந்தது. நான் தகர டப்பா மேல் உட்கார்ந்து கோபமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டினால் சண்டை வருகிறது. பூட்டாவிட்டால் சைக்கிள் போய்விடுகிறது. சொல்லிப் பார்த்தால் யாருக்கும் காதில் விழவில்லை.

ஆனால் யாரும் வம்புக்கு எடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் பாலைக் கொண்டுபோகாவிட்டால் அத்தைக்குப் பால் திரிந்துவிடும். மழையே இல்லாததால் மேய்ச்சல் இல்லை. குழை வராவிட்டால் மாமாவின் ஆடுகள் பட்டினி கிடக்கும். சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு அவசரமும் கிடையாது, டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பால் சொசைட்டி எவ்வளவு தூரம்! கருவேலங்காடு எவ்வளவு தூரம்! அத்தனை தூரமும் தினமும் என் சைக்கிள் ஓடுகிறது. நான் மட்டும் ஓட்டிப் பழக நேரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டப்பாவிலிருந்து எழுந்துவிட்டேன்.

"என்ன, முள்ளு குத்திருச்சா?" என்றார் தனுஷ்கோடி அண்ணன்.

"இல்லண்ணே, ஒரு யோசனை வந்துருச்சு."

சாயங்காலம் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். நான் சைக்கிளை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இனிமே சைக்கிளைப் பூட்ட மாட்டேன்" என்றேன்.

"அப்பாடா! அது பிள்ளை" என்றார் மாமா.

"ஆனா சைக்கிள் தனியா எங்கயும் வராது. கூடவே நானும் வருவேன். யாருக்கு எங்க போகணுமோ, என்ன கொண்டாரணுமோ, எங்கிட்டச் சொல்லுங்க. நானே போயிட்டு வாரேன்."

குடம் நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளோடு வாசலில் தயாராக நின்றேன். ஒருவரும் வரவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெகுநேரம் கழித்து சௌந்தரம் அத்தை பால் கேனோடு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்.

"அத்தை, கேனைக் குடுங்க."

"வேணாம் தாயி. படிக்கிற பிள்ளையப் போயி எப்படி வேலை ஏவுறது? கூச்சமா இருக்கு."

"என் சைக்கிளை ஏவுறப்போ கூச்சமா இல்லையா?"

அத்தை சிரித்துவிட்டார். கேனைக் கேரியரில் வைத்து, அவரே கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

ஆடி மாதம். எங்கள் பொட்டல்காட்டில் ஆடிக்காற்று ஆளையே தள்ளும். சொசைட்டிக்குப் போகும் வழி முழுக்க எதிர்க்காற்று. கண்ணெல்லாம் புழுதி. பின்னால் பால் கேன் கனக்கிறது. மிதித்தேன், மிதித்தேன், சைக்கிள் நகர்ந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. இந்த யோசனை எனக்கு ஏன்தான் வந்ததோ என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

பொன்னுச்சாமி மாமா மறுநாள் வந்தார். அவருக்கும் கூச்சம்தான். காட்டுக்குள்ளே சைக்கிள் வராது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் நடந்தே காட்டுக்குப் போய்க் குழையை ஒடித்துக் கட்டாகக் கட்டி, தார்ரோட்டு ஓரம் கொண்டுவந்து வைத்தார். நான் கேரியரில் ஏற்றிவந்தேன். முள்ளும் இல்லை, பஞ்சரும் இல்லை.

சித்தப்பாதான் கடைசியாக வந்தார்.

"எங்க போகணும் சித்தப்பா?"

"அது வந்து... டீக்கடைக்கு."

"நீங்க இருங்க. தூக்குவாளியக் குடுங்க, நான் போயி வாங்கியாரேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளையை டீ வாங்க அனுப்புகிற ஆளாகத் தன்னைத் தெரு பார்க்குமே என்று நினைத்திருப்பார்.

"வேணாம், வேணாம். நடந்தா முதுகுக்கு நல்லதாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இதற்குப் பிறகு ஒன்று புரிந்தது. சைக்கிளைக் கேட்காமல் எடுப்பது எல்லாருக்கும் சுலபம். ஒரு ஆளிடம் வேலை சொல்வதுதான் கஷ்டம். சும்மா எடுத்துச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் நின்றுபோனார்கள். உண்மையிலேயே தேவை இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் சும்மா வரவில்லை. அத்தை சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தார். மாமா செயினுக்கு எண்ணெய் விட்டார். சங்கிலிப் பூட்டை அம்மா கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

ஓட்டத்தன்று டீச்சர் எங்கள் இரண்டு சைக்கிளையும் சோதித்தார். பிரேக்கை அழுத்தினார். டயரை அமுக்கினார். என் கேரியருக்குக் கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன முனீஸ்வரி, இதுல ஒரு வாடை?"

"பாலும் குழையும் டீச்சர். தெனமும் ஏத்துறேன்."

டீச்சர் விசிலை ஊதினார்.

கண்மாய்க்கரை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். தொடங்கியதுமே சுவாதி பறந்துவிட்டாள். புதுச் சைக்கிள் சத்தமே இல்லாமல் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கண்மாய்க்குத் திரும்பும் வளைவில்தான் காற்று முகத்தில் அறைந்தது. சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சைக்கிள் வேகம் குறைந்தது, இப்படியும் அப்படியும் ஆடியது. நான் வழக்கம்போல அழுத்தி மிதித்தேன். சைக்கிள் விர்ரென்று முன்னே பாய்ந்தது. எனக்கே திக்கென்றது. பால் கேன் இல்லை, குழைக்கட்டு இல்லை. நான் மட்டும் இருந்தேன். என்னை மட்டும் சுமந்துகொண்டு போவது அவ்வளவு லேசாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வளைவைத் தாண்டுவதற்குள் சுவாதியை முந்திவிட்டேன்.

திரும்பி வந்து எல்லைக்கோட்டைத் தொட்டபோது பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவாதியும் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏய் முனீசு, காத்து உனக்கு மட்டும் அடிக்கலையா?" என்று கேட்டாள்.

"அடிச்சுச்சே. தெனமும் அடிச்சுச்சு" என்றேன்.

"விருதுநகருக்கு முனீஸ்வரி" என்று டீச்சர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை ஆத்திரத்தில் வந்த அழுகை இல்லை.

நான் ஊருக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னே வந்துவிட்டது. எல்லாரும் வாசலில் நின்றார்கள். சௌந்தரம் அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். மாமா சைக்கிளைத் தட்டிக் கொடுத்தார். சித்தப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"முனீசு, உன் சைக்கிளு வேணும். தாரியா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். சித்தப்பா கேட்டார்! பிறந்ததிலிருந்து யாரிடமும் சைக்கிள் கேட்டறியாத சித்தப்பா!

"எங்க போகணும் சித்தப்பா?"

"மெயின்ரோட்டுக் கடைக்குத்தான். சீனிச்சேவு வாங்கியாரணும். நீ செயிச்சதுக்கு நான் தெருவுக்கே குடுக்கப் போறேன்." கொஞ்சம் தயங்கினார். "நீயும் கூட வரணும்ல? தெரியும், தெரியும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களும் தரையைத் தொட்டன. கஷ்டப்பட்டுத் தூக்கிக்கொண்டார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் ஒரே அழுத்தாக அழுத்தி மிதித்தேன்.

"மெதுவாப் போ தாயி, வேட்டி பறக்குது!" என்று கடை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார் சித்தப்பா.