சுடாத வெயில்

வான்பால் தூவ ஆரம்பித்தபின் கடற்கரை மணல் சுடுவதை மறந்துவிட்டது. ஆளில்லா விமானங்கள் உச்சியில் கொட்டும் வெள்ளைப் பொடி அது; வெயிலின் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வானம்தான் நீலம் போய், மோர் கொட்டினாற்போல் கிடந்தது.

மந்த வெயிலில் மீன் லேசில் காயாது. லசார் கிழவர் சட்டையில்லாமல் பகல் முழுக்க மணலிலேயே நின்று கருவாடு புரட்டினார். அங்கேதான் வானிலைத் துறைப் பெண் ஜெனிட்டா அவர் கழுத்தில், கெட்ட கதிர் பட்டால் ஒலிக்கும் கதிர்மணியை மாட்டினாள். மாட்டியதுமே அது அலறியது.

"சூடு இல்லன்னு நம்பாதீங்க பெரியவரே. அந்தப் பொடியால மேல ஓசோன் அரிச்சுப் போச்சு. அது தடுத்து வச்சிருந்த கதிர் இப்ப நேரா உங்க கண்ணுல இறங்குது. மணி அடிச்சா நிழலுக்குப் போயிருங்க."

"எங்களுக்கு உள்ளங்கால்தான் மணி. மணல் சுட்டா நிழலுக்கு ஏறிருவோம், சுடலன்னா வேலையப் பாப்போம். எங்கள வெரட்டிட்டு இந்தக் கரைய எவனுக்குக் குடுக்கப் போறிய?"

மணியைக் கழற்றி நாயின் கழுத்தில் கட்டினார். கரையே சிரித்தது. இரைச்சல் பொறுக்காத நாய் படகுக்கடியில் ஓடியது. நிழலில் மணி ஓய்ந்தது. பிறகு மணி அடிக்கும்போதெல்லாம் அதற்குப் படகுதான் கதி.

வருடங்கள் போகப் போக லசாருக்குக் கண்முன் மூட்டம் கூடிக்கொண்டே வந்தது. "பொடி தரைக்கே எறங்கிருச்சு" என்று ஏசுவார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அடிக்க வருவார்.

ஒருநாள் மனைவி பிலோமி வந்து சொன்னாள்: "பொடி தூவுறத நிறுத்திட்டாவளாம். வானம் நீலமாயிருச்சு."

"பொய். வெள்ளையாத்தான கெடக்கு? நீயும் அந்த மணிக்காரி கூடச் சேந்துட்டியாக்கும்."

"கண்ணுதாங்க ஒங்களுக்கு..."

"வாய மூடு. கரைக்குக் கூட்டிட்டுப் போ. என் காலு சொல்லட்டும்."

கூட்டிப்போனாள். நாயும் மணியை அலறவிட்டபடி பின்னால் வந்தது. போன ஓசோன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. லசார் அவள் கையை உதறிவிட்டு, செருப்பைக் கழற்றி மணலில் இறங்கினார்.

சுரீரென்று சுட்டது. காலை மாற்றி வைத்தார். அதுவும் சுட்டது. அண்ணாந்து பார்த்தார். வானம் அதே வெள்ளை.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்; வெள்ளைதான்.

"பிலோமி, படகு எந்தப் பக்கம்டி?"

நாய் அதற்குள் படகுக்கடியில் போய்ப் படுத்திருந்தது. மணிச் சத்தம்கூட இல்லை.