ந்யாருகோ பள்ளத்துக்கு வழி

வாக்கிடாக்கியில் ங்காபிரானோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“கெம்பபாசி, குடும்பம் மொத்தமும் ந்யாருகோ பள்ளத்துல இருக்கு. பதினாலும் இருக்கு. இறங்கி வா.”

அவன் அவள் கணவனின் தம்பி. ஒன்பது வருஷமாக இதே காட்டில் அவளோடு கொரில்லாத் தடம் பார்க்கிற வேலை செய்கிறவன். இத்தனை நாளில் ‘அண்ணி’ என்பதைத் தவிர வேறு சொல் அவன் வாயில் வந்ததில்லை.

“என்னடா, பேரெல்லாம் சொல்ற? காலையிலேயே வாழைக்கள்ளா?”

“வாங்க அண்ணி. வழி நல்லா இருக்கு. நாற்காலி தாராளமா போகும்.”

நாளைக்கு எட்டுப் பேர் கொரில்லா பார்க்க வருகிறார்கள். அதில் ஓர் அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கித்தான் போகவேண்டும். அதற்கு வழி பார்க்கத்தான் கெம்பபாசி மலைமுகட்டுக்கு ஏறியிருந்தாள்.

இறங்கினாள். வெயில் ஏறியும் விலகாத மூடுபனி பெரணிகளுக்கு மேல் ஈரத்துணி போலக் கிடந்தது. இலைநுனிகளில் திரண்ட நீர் அவள் சட்டைக்கழுத்துக்குள் சொட்டியது. கொரில்லாக்கூட்டம் இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே வந்து மூக்கில் அடிக்கிற அந்தப் புளித்த வியர்வை நெடிக்குப் பதிலாக, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தாற்போல் ஒரு வாடை கீழிருந்து ஏறி வந்தது. ஈக்கள் இல்லை. எங்கேயும் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

அவள் தொண்டையை இரண்டுமுறை கனைத்தாள். ‘நான்தான், பயமில்லை’ என்று கொரில்லாக்களுக்குச் சொல்கிற கனைப்பு. அவளும் ங்காபிரானோவும் இரண்டு வருஷம் மழையில் உட்கார்ந்து கனைத்துக் கனைத்துத்தான் இந்தக் குடும்பம் மனிதரை நம்பியது.

பதில் வந்தது. இரண்டு கனைப்பு.

கொரில்லா கனைத்தால் நம் நெஞ்சு அதிரும். இதில் நெஞ்சே இல்லை, தொண்டை மட்டும்தான். போனவாரச் சளி இன்னும் விடாமல் இரண்டாவது கனைப்பில் அவளுக்கு ஒரு பிசிறு விழும். அந்தப் பிசிறும் அதில் இருந்தது.

பனி ஒரு நொடி விலகியது. எதிர்முகட்டில் ங்காபிரானோ நின்றிருந்தான். பள்ளத்தில் இல்லை. மேலே.

“நீ ஏன்டா அங்க நிக்கிற?”

“மன்னிச்சிடுங்க அண்ணி.” வாக்கிடாக்கியில் அவன் மூச்சு இரைத்தது. “மூணு நாளா என் குரல்லயே என்னைக் கூப்பிடுது. கனைக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆளைக் காட்டுனா என்னை விட்டுடறேன்னுச்சு.”

“எதுடா?”

“உங்களைவிட்டா யாரை எனக்குத் தெரியும்?”

கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை. அவன் முதுகைக் காட்டி நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஏறிவிடலாம் என்று திரும்பினாள். வந்த வழியைப் பெரணி மூடியிருந்தது. மிதித்த தடமே இல்லை.

கீழே அவர்கள் இருந்தார்கள். பதினாலு பேரும். வட்டமாக. எல்லோரும் வெளிப்புறம் பார்த்து. குட்டிகள்கூட அசையவில்லை. வெள்ளிமுதுகுத் தலைவன் கஷாய்ஜா அவளுக்கு நேர் எதிரே. வேட்டைக்காரரின் கண்ணிக்கம்பியில் சிக்கிய அதன் கையை மருத்துவர் விடுவித்தபோது அந்தத் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்.

“கஷாய்ஜா.”

அது அவளைப் பார்த்தது. தெரிந்தவளைப் பார்க்கிற பார்வைதான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மெல்ல நகர்ந்து, அவள் உள்ளே போக இடம் விட்டது.

கால்கள் நடந்தன. அவள் நடக்கச் சொல்லவில்லை.

வட்டத்தின் நடுவே ஒரு படுக்கை. கொரில்லா கட்டுகிற மாதிரியே பெரணியை மடக்கி, மடக்கி. ஆனால் ஒடுக்கம். நீளம். ஓர் ஆள் படுக்கிற அளவு.

ஒரு கை இன்னும் மடக்கிக்கொண்டிருந்தது. ரோமமில்லாத கை. நிதானமாக, ஒவ்வோர் இலையாக.

முழங்கைக்கு மேலே வெறும் பெரணிதான் இருந்தது.