பத்து அடித்த கிணறு

கிணற்றுக்குள் மணி அடித்தது.

டாங்... டாங்... டாங்...

சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ருக்மணி அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டு சுல்தானாவின் கையிலிருந்த விறகு பொத்தென்று விழுந்தது.

காஜா பெராங் தெருவில், அவர்கள் சுள்ளி பொறுக்கிய கொல்லையின் வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஜப்பான் படை மலாக்காவுக்குள் வந்த வாரமே வீட்டுக்காரர்கள் ஓடிவிட்டார்கள். கொல்லைக் கிணற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மணி எங்கிருந்து வந்தது?

"எண்ணினியா?" சுல்தானாவின் குரல் காற்றாய் வந்தது.

"பத்து."

"இப்ப மணி ஆறுதானே, ருக்கு?"

ஆறுதான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஜப்பான்காரர்கள் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் ஆறு மணி ஆகியும் சூரியன் இறங்கவில்லை.

"பேய்க்கு யாரும் தோக்கியோ நேரம் சொல்லித்தரல போல" என்றாள் ருக்மணி. சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

ஏனென்றால் கிணறு இப்போது பேச ஆரம்பித்திருந்தது. தடித்த ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். பூமிக்குள் உட்கார்ந்து யாரோ பழைய கணக்கு ஒன்றைப் படிப்பதுபோல.

"யா அல்லா!"

சுல்தானா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இங்கே, ஒரு செருப்பு வேலியோரம்.

அவள் நேராகப் போய் மோதியது ராஜரத்தினத்தின் மேல். அவர் தெருக் காவலுக்குத் தலைவர். கையில் கட்டிய பட்டையைக் குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார் என்று தெருவில் பேச்சு.

"கிணத்துல ஆம்பளைக் குரலா? மணிச் சத்தமா?" அவர் கண்கள் சிறுத்தன. "நாளைக்கு இதே நேரம் ஜப்பான் சிப்பாய் துவானோட வரேன். பேயோ பூதமோ, வெளியே இழுத்துடுவோம்!"

வேலிக்குப் பின்னாலிருந்து ருக்மணி எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தக் கொல்லைப் பக்கமே போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சொன்னால் முதுகு பழுத்துவிடும்.

அப்பா நடராஜன் ரேடியோ பழுது பார்ப்பவர். இரண்டு வருடம் முன்பு சயாம் ரயில் பாதை போட அவரை லாரியில் ஏற்றிப்போனார்கள். அதற்குப் பிறகு அம்மா கமலவேணி மரவள்ளிக்கிழங்கு மாவைப் பிசைந்து, வாழையிலையில் மடித்து அவித்து, பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுத்துத்தான் குடும்பம் நடந்தது.

மறுநாள் ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. பேயைப் பிடித்துப்போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ருக்மணிக்கு ஆசை. பயமும் இருந்தது. ஆசைதான் ஜெயித்தது.

டாங்... டாங்...

கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்தாள். இருட்டு. இருட்டுக்குள் ஒரு சின்ன விளக்கு. விளக்கின் அருகே ஒரு தலை. தலையில் முடிந்த கொண்டை.

அந்தக் கொண்டையை அவளுக்குத் தெரியும். காலையில் அதில் எண்ணெய் தடவிவிட்டதே அவள்தான்.

"அம்மா?"

கொண்டை மேலே நிமிர்ந்தது. அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மடியில் பென்சிலும் துண்டுக் காகிதமும். எதிரே ஒரு ரேடியோ. காதில் மாட்டும் கருவியைப் பித்தளைச் செம்புக்குள் போட்டிருந்தாள். குரல் செம்பிலிருந்துதான் வந்தது.

"லண்டன் செய்திடி. அங்கே இப்ப காலை பத்து மணி, அந்த ஊர்க் கடிகாரம்தான் அடிக்குது. அப்பா ஒளிச்சு வச்ச பெட்டி. நீ எங்கே இங்கே?"

"அம்மா, வெளியே கேக்குது! தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு!"

"செம்புல வச்சா எழுத ரெண்டு கையும் கிடைக்குமேன்னு... இவ்வளவு ஆழத்துல யாருக்குக் கேக்கும்னு..."

கேட்டது. கிணறே பெரிய ஊதுகுழலாகிவிட்டிருந்தது.

வேலிப் படல் கிறீச்சிட்டது. பூட்ஸ் சத்தம்!

வெளிநாட்டு வானொலி கேட்டவர்களைப் பிடித்துப் போனால் அவர்கள் திரும்பி வருவதில்லை. அது ருக்மணிக்குத் தெரியும். கிணற்றுச் சுவரில் பதித்த இரும்புப் படிகள் பதினெட்டு. ஏறி வர நேரமில்லை.

செம்பு மௌனமானது. விளக்கு அணைந்தது. அம்மா இருட்டோடு இருட்டானாள்.

ருக்மணி ஒரு கல்லை எடுத்தாள். கிணற்றின் துருப்பிடித்த கப்பியில் ஓங்கி அடித்தாள்.

டாங்!

"இச்சி!" என்று கிணற்றுக்குள் கத்தினாள்.

டாங்! "நீ!" டாங்! "சான்!"

பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கத்தும் ஜப்பான் எண்கள். கிணறு அவள் குரலை வாங்கி, தடிப்பாக்கி, நடுக்கி, ஆண் குரலாய்த் திருப்பி அனுப்பியது. அவளுக்கே முதுகு சில்லிட்டது.

"ஜூ!" பத்தாவது அடி. திரும்பினாள். ராஜரத்தினமும் ஒரு சிப்பாயும் நின்றார்கள். இடுப்பை வளைத்து வணங்கினாள்.

"அபா இனி?" என்ன இது என்று மலாயில் கேட்டான் சிப்பாய். இளம் வயது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"நிப்பொங்கோ, ஜப்பான் மொழிப் பாடம், துவான். இங்கே படிச்சா நல்லா மனசுல நிக்குது."

"பொய்!" ராஜரத்தினம் குதித்தார். "மணி பத்து அடிச்சுதே?"

"பத்து எண்ணுக்குப் பத்து அடி, ஐயா. பதினொண்ணு இன்னும் சொல்லித்தரல."

சிப்பாய் அவரை ஒதுக்கிவிட்டுக் கிணற்றருகே வந்தான். குனிந்தான். கீழே ஒரு தும்மல் போதும். ஒரு வளையல் போதும்.

அவன் வெகுநேரம் இருட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக, கூச்சத்தோடு கூப்பிட்டான்.

"ஒக்காசான்!"

ஜப்பானில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிணறு அதை வாங்கிக்கொண்டது. '...சான் ...சான் ...சான்...' என்று அடிவரை போய், யாரோ தூரத்தில் பதில் சொல்வதுபோல் திரும்பி வந்தது.

சிப்பாய் சட்டென்று நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்தானா, வியர்வையைத் துடைத்தானா, தெரியவில்லை. ராஜரத்தினத்தின் பக்கம் விரல் நீண்டது. "நீ எண்ணு!"

"இச்சி... நீ... சான்..." மூன்றுக்கு மேல் அவருக்கு வரவில்லை.

"சொல்லிக் கொடு" என்று ருக்மணியிடம் சைகை காட்டிவிட்டு அவன் நடந்தான். கைப்பட்டையைத் தடவியபடி ராஜரத்தினமும் பின்னால் ஓடினார்.

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அம்மா ஏறி வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். "தோத்த அன்னிக்குத் தோத்தோம்னே சொல்ற வானொலி அது. அதனாலதான் ஜனங்க நம்பறாங்க. பன்னிரண்டு வீட்டுக்கும் பலகாரத்துக்குள்ள சீட்டு போகுது. படிச்சவங்க உடனே முழுங்கிடணும்."

பென்சிலை எடுத்தாள். எழுத்து கோணிக்கொண்டு ஓடியது.

"சொல்லுங்கம்மா, நான் எழுதறேன்."

"பர்மாவில் ஜப்பான் படை பின்வாங்குகிறது. அவ்வளவுதான் கேட்டேன்."

"பர்மாவுக்குப் பக்கத்துலதானே சயாம்? அப்பா இருக்கிற இடம்?"

ஆமாம் என்று அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

ருக்மணி குண்டு குண்டாய்ப் பன்னிரண்டு சீட்டு எழுதினாள். பிறகு பதின்மூன்றாவதும் ஒன்று எழுதினாள். ஒருமுறை படித்தாள். மடித்து வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"மரவள்ளியைவிடப் பரவாயில்ல!"